தெரியாது என்று சொல்லி விற்கலாமா?

வியாபாரிகளாகிய நமக்கு நாள் ஒன்றுக்குப் பத்துத் தடவையாவது கைகொடுக்கும் வார்த்தை ஒன்று உண்டு. "தெரியாது" என்பதே அது. மூட்டையின் அடியில் இருக்கும் வெங்காயம் எப்படி? தெரியாது, வந்தபடியே கட்டு அவிழ்க்காமல் வைத்திருக்கிறோம். இந்தச் சாயம் வெளுக்குமா? தெரியாது, மில்காரரைத்தான் கேட்க வேண்டும். பொய் சொல்லி விற்ற காசில் பரக்கத் இராது என்பதை மதரஸாவில் ஓதிய காலத்திலேயே கேட்டிருக்கிறோம். ஆகவே, பொய்யும் சொல்லாமல் சரக்கும் தங்காமல் இருக்க இந்த வார்த்தை நமக்கு நிரம்ப உதவுகிறது. அது எந்த இடத்தில் உண்மையாக நிற்கிறது, எந்த இடத்தில் பொய்யாக மாறுகிறது என்பதைக் குறித்துச் சிறிது யோசிக்கவே இதை எழுதுகிறோம்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் மீன். குழம்புக்கு வாங்கும் மீன் அன்று. கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் விட்டு அழகுக்காக வளர்க்கும் கடல் மீன். சுங்கை பினாங்கில் நாம் நடத்தி வரும் கடையில் இந்தச் சரக்கும் உண்டு. ஜவுளி வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் சங்கத்தில் நம்மைப் பார்த்து, "தம்பி, துணியில் ஓட்டை இருந்தால் விரித்துக் காட்டிவிடலாம். உங்கள் மீனில் ஐபு இருந்தால் எதை விரித்துக் காட்டுவீர்கள்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கேள்வி சிரித்துவிட்டுப் போகக்கூடியதாக இல்லை.

மீனை அடைத்து வைப்பதே கூடுமா என்று சிலர் முதலில் கேட்பார்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சின்னப் பறவையை வைத்து விளையாடியதும், அது இறந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அன்போடு விசாரித்ததும் நாம் அறிந்த செய்தி. அதை ஆதாரமாகக் கொண்டு, தீனியும் தண்ணீரும் குறைவின்றிக் கொடுப்பதாயின் கூடும் என்று ஆலிம்கள் சொல்லியிருக்கிறார்கள். பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் கதியும் நாம் அறிந்ததே. அந்த விவாதத்தை இத்துடன் நிறுத்தி வியாபாரத்துக்கு வருவோம்.

தொட்டிக்கு வரும் கடல் மீன்களில் பெரும்பங்கு இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளின் பவளப் பாறைகளில் பிடிக்கப்படுவது. பிடித்தவர் கையிலிருந்து கரை வியாபாரிக்கும், அவரிடமிருந்து ஏற்றுமதிக்காரருக்கும் போய், பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் தண்ணீரும் மீதிப் பிராண வாயுவுமாக விமானம் ஏறி வருகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் வேறு வேறு இடத்து மீன்கள் ஒரே தண்ணீரில் கலக்கின்றன. விரிந்த கடலில் ஒரு மீனின் மேல் இரண்டு மூன்று ஒட்டுண்ணி இருந்தால் அது தெரியாமலே வாழ்ந்துவிடும். கீழே விழுந்த ஒட்டுண்ணியின் குஞ்சுகளுக்கு இன்னொரு மீன் அகப்படுவது அங்கே அருமை. நாலடித் தொட்டியில் அகப்படாமல் எங்கே போவது?

இம்மீன்களுக்கு வரும் வியாதிகளில் மிகவும் பெயர் பெற்றது வெண்புள்ளி நோய். 1937ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் சிகாமா என்பவர் இதை விவரித்தார். 1951இல் பிரவுன் என்பவர் இதை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்குக் 'கிரிப்டோகாரியோன்' என்று பெயரிட்டார். அப்பெயரின் முற்பாதிக்குக் கிரேக்க மொழியில் மறைந்திருப்பது என்று பொருள். பொருத்தமான பெயர்தான். இது மீனின் தோலுக்கு அடியில் புகுந்து மூன்று நாள் முதல் ஏழு நாள் வரை தின்று கொழுக்கிறது. அப்போதுதான் பொடி உப்புத் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள் நம் கண்ணுக்குத் தெரியும். பிறகு, பெரும்பாலும் விளக்கணைந்த இருட்டு நேரத்தில், மீனை விட்டு இறங்கி, மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் ஒன்று பத்தாகி நூறாகி, இருநூறு வரையிலும் பெருகுகிறது. அந்தக் கூடு மூன்று நாளில் வெடிக்கலாம். நாலு வாரமும் ஆகலாம். இரண்டு மாதத்துக்கு மேல் உறங்கிக் கிடந்த கூடுகளையும் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். வெளியே வந்தவை ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையேல் செத்துப்போகும்.

வியாபாரி கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒட்டுண்ணி இறங்கிப் போனதும் மீனின் உடம்பு துடைத்து வைத்தாற்போல் பளிச்சென்று ஆகிவிடுகிறது. நேற்று இருந்த புள்ளி இன்று இல்லை. மீன் நன்றாக இரை எடுக்கிறது. வாடிக்கைக்காரர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். 2003இல் வந்த ஒரு சித்திரப் படத்துக்குப் பிறகு கோமாளி மீனைத் தெரியாத குழந்தை இல்லை. "மீன் சுகமாக இருக்கிறதா?" என்று அவர் கேட்கிறார். கண்ணால் கண்டதைச் சொன்னால் சுகம்தான். ஆனால் நோய் போகவில்லை. கீழே மணலில் கூடு கட்டிக் காத்திருக்கிறது. அந்தச் சில நாளைத் தெளிவு என்று சொல்வதா? நாம் அதைக் கள்ளத் தெளிவு என்று சொல்வோம். செவுளுக்குள் மட்டும் இருந்துகொண்டு உடம்பில் ஒரு புள்ளியும் காட்டாத நோயும் உண்டு. ஒரு தடவை நோயில் விழுந்து பிழைத்த மீன் சிறிது எதிர்ப்புச் சக்தி பெற்று, தான் நோகாமல் பிறவற்றுக்கு நோயைச் சுமந்து திரிவதும் உண்டு. வெல்வெட் என்று சொல்லப்படும் இன்னொரு வியாதியோ தூசு படிந்தது போல் மெல்லிசாகத் தோன்றி, இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்துவிடும்.

இன்னொரு தொழில் விஷயத்தையும் வாசகர்களுக்குச் சொல்லி வைக்கிறோம். அநேகக் கடைகளில் இருபது முப்பது தொட்டிகள் வரிசையாக இருந்தாலும் அவற்றுக்குத் தண்ணீர் ஒன்றுதான். எல்லாத் தொட்டியின் தண்ணீரும் ஒரே குழாயில் இறங்கி, ஒரே வடிகட்டியில் புகுந்து, திரும்பவும் எல்லாத் தொட்டிக்கும் ஏறுகிறது. செலவு குறைவு, இடமும் மிச்சம். அதில் தவறில்லை. ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தொட்டியில் புள்ளி விழுந்தால் இருபது தொட்டியிலும் விழுந்ததாகவே கொள்ள வேண்டும். "அது அந்தத் தொட்டி மீன், இது வேறு தொட்டி மீன்" என்று வாடிக்கைக்காரரிடம் சொல்வது வார்த்தையளவில் மெய்; விஷயத்தில் மெய்யன்று.

இனி மஸ்அலாவுக்கு வருவோம்.

கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்ததும், விரலில் ஈரம் தட்டியதும், மழை பட்டுவிட்டது என்று வியாபாரி சமாதானம் சொன்னதும், அப்படியானால் ஈரத்தை எல்லாரும் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசம் செய்பவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததும் நம்மில் யாருக்கும் புதிது அன்று. ஜும்ஆ மேடையில் எத்தனையோ முறை கேட்டுவிட்டோம். கேட்கும்போதெல்லாம் அந்த வியாபாரி மறைத்ததையே நினைக்கிறோம். நாயகம் (ஸல்) அவர்கள் கண்ணால் பார்த்ததோடு நிற்காமல் கையை உள்ளே விட்டார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். குவியலின் மேற்புறம் காய்ந்துதான் இருந்தது. சரக்கை அறிவதற்கு மேலோட்டமான பார்வை போதுமானால் கையை விட வேண்டிய அவசியமே இல்லை அன்றோ?

அந்த வியாபாரிக்கு ஈரம் தெரிந்திருந்தது. தெரியாதவர் சங்கதி என்ன? இதற்கு இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா கிரந்தத்தில் ஒரு வழக்கு வருகிறது. அக்காலத்தில் அடிமை வியாபாரம் இருந்தது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் தம் அடிமை ஒருவரை 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். எந்தக் குறைக்கும் தாம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையோடு விற்றார்கள். வாங்கியவர் பின்னர் வந்து, அடிமைக்கு ஒரு வியாதி இருக்கிறது, அதை எனக்குச் சொல்லவில்லை என்று வாதாடினார். வழக்கு கலீபா உதுமான் (ரலி) அவர்களிடம் போயிற்று. விற்ற நேரத்தில் அந்த வியாதி தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யும்படி தீர்ப்பாயிற்று. இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்ப ஏற்றுக்கொண்டார்கள். அவர் தம்மிடத்தில் குணமடைந்த பிறகு 1500 திர்ஹத்துக்கு விற்றார்கள்.

இந்தத் தீர்ப்பைப் பற்றிக்கொண்டுதான் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் உயிருள்ள சரக்குக்கு ஒரு தனி வழி சொன்னார்கள். உயிர்ப் பிராணி ஆரோக்கியத்திலும் தின்கிறது, வியாதியிலும் தின்கிறது. அதன் தன்மை மாறிக்கொண்டே இருக்கிறது. உள்ளே மறைந்த குறை இல்லாத பிராணி அபூர்வம். ஆகவே குறைக்குப் பொறுப்பில்லை என்று சொல்லி விற்றால், உள்ளே மறைந்திருந்த, விற்றவருக்குத் தெரியாத குறைக்கு மட்டும் அவர் பொறுப்பிலிருந்து நீங்குவார். தெரிந்த குறைக்கு நீங்க மாட்டார். ஹனபி மத்ஹபில் இந்த நிபந்தனைக்கு இன்னும் இடம் அதிகம். நிபந்தனை எல்லாக் குறையையும் மூடும். ஆனால் தெரிந்தே மறைத்த பாவத்தை எந்த மத்ஹபும் மூடிக்கொடுக்கவில்லை. தொட்டி மீனைப் பற்றியே இந்த மஸ்அலா எழுதப்பட்டதோ என்று நமக்குத் தோன்றும். தின்கிற மீன் சுகமான மீன் என்று சொல்லித்தானே நாம் விற்கிறோம்?

இங்கேதான் நம் கேள்வி கிளம்புகிறது. தெரியாது என்பதில் இரண்டு விதம் உண்டு. கையை விட்டுப் பார்த்தும் அகப்படவில்லை, ஆகவே தெரியாது என்பது ஒன்று. தெரிந்துவிடுமோ என்று கையை விடவே இல்லை, ஆகவே தெரியாது என்பது மற்றொன்று. வெளியிலிருந்து கேட்பவருக்கு இரண்டும் ஒரே சொல். காதி இரண்டாமவரைக் கூப்பிட்டுச் சத்தியம் செய்யச் சொன்னால், அவரும் வாய் கூசாமல் செய்துவிடலாம். இப்னு உமர் (ரலி) அவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று கிரந்தத்தில் காரணம் சொல்லவில்லை. நமக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம்: வார்த்தையளவில் மெய்யாக இருக்கக்கூடிய ஒரு சத்தியத்தின் மேல் நின்றுகொண்டு 800 திர்ஹத்தைக் காப்பாற்ற அவர்கள் விரும்பவில்லை. அவ்வளவுதான்.

முற்காலத்தில் மீனின் வியாதியை அறிய வழியில்லை. கடலில் பிடித்தோம், தொட்டியில் விட்டோம், இருந்தால் இருந்தது, போனால் போயிற்று என்று சொன்னால் அது உண்மையான தெரியாது. இன்று அந்த ஒட்டுண்ணி எத்தனை நாள் எங்கே ஒளிந்திருக்கும் என்பது வரைக்கும் அச்சில் வந்துவிட்டது. வந்த மீனை ஒரு மாதம் தனியே வைத்தால் ஒளிந்திருப்பது பெரும்பாலும் வெளிவந்துவிடும். ஆகவே, அந்தக் குவியலுக்குள் கையை விடுவது என்பது எங்கள் தொழிலில் ஒதுக்கி வைப்பதுதான். அதைச் செய்யாமல் தெரியாது என்று சொல்வதை, கண்ணை மூடிக்கொண்டு இருட்டாயிருக்கிறது என்று சொல்வதற்கு ஒப்பிடலாம்.

எப்படி ஒதுக்கி வைப்பது என்பதைச் சொல்லாமல் விட்டால் இதெல்லாம் வெறும் உபதேசமாகும். குழாய்ச் சம்பந்தமே இல்லாத தனித் தொட்டி வேண்டும். அதற்கென்று தனி வலை, தனி வாளி, தனிக் குழாய். கையையும் கழுவிக்கொண்டுதான் அடுத்த தொட்டிக்குப் போக வேண்டும். உள்ளே மணல் கூடாது, பவளக் கல் கூடாது; கூட்டுக்கு ஒட்ட இடம் கொடுக்கக்கூடாது. மீன் பயந்தால் ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போதும். மருந்து என்று பார்த்தால் பழைய மருந்து தாமிரம். மயில் துத்தத்திலிருந்து வருவது. லிட்டர் தண்ணீருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது. மிஞ்சினால் மீன் சாகும். தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. நீந்தித் திரிவதை மட்டுமே கொல்லும். எனவே தினந்தோறும் அளந்து பார்த்து, இரண்டு மூன்று வாரம் அளவு குறையாமல் வைத்திருக்க வேண்டும். பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் ஒரு சொட்டும் விடலாகாது, அவை மடிந்துவிடும். வாங்கிப் போனவர் வீட்டில் நோய் வந்தால் அங்கேயே மருந்து போட்டுத் தீர்க்க முடியாமற்போவது இதனால்தான்.

நமக்குப் பிடித்தமான முறை வேறு. கூடு கட்டிய ஒட்டுண்ணி மூன்று நாளுக்கு முன்னால் வெடிப்பதில்லை என்று கண்டோம் அல்லவா? ஆகவே மூன்று நாளைக்கு ஒருமுறை மீனை வேறொரு சுத்தமான தொட்டிக்கு மாற்றி, பழைய தொட்டியைக் கழுவிக் காயவைப்பது. நாலு தடவை மாற்றினால் ஒட்டுண்ணி எல்லாம் பின்னால் விட்ட தொட்டிகளில் நின்றுபோகும். மருந்தே இல்லை, வேலைதான் இடுப்பை முறிக்கும். இது வெண்புள்ளிக்கு மட்டும். வெல்வெட்டுக்குத் தாமிரத்தைத்தான் நாட வேண்டும். தட்டையான புழு ஒட்டியிருந்தால், சூடும் காரமும் சரிப்படுத்திய நல்ல தண்ணீரில் சில நிமிஷம் முக்கி எடுப்பார்கள். கடலில் கூண்டு போட்டுச் சியாகாப், கெராப்பு வளர்ப்பவர்களும் இதைச் செய்வதுண்டு. வந்த மீனுக்கெல்லாம், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் நாளே தாமிரம் போட்டுவிட வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் ஒரு கெடுதியும் காட்டாத உயிருக்கு விஷம் கொடுப்பதில் நமக்கு மனம் ஒப்புவதில்லை. அடையாளம் கண்டால் மருந்து, இல்லாவிட்டால் தொட்டி மாற்றம், பிறகு கவனித்து இருத்தல் என்பதே நம் கட்சி.

"எல்லாம் சரி, செலவை யார் கொடுப்பது?" என்று கேட்பீர்கள். வியாபாரிகளுக்கு எழுதும்போது கணக்கைப் போடாமல் விட்டால் நம்ப மாட்டீர்கள். இருபது கோமாளி மீனை ஒன்று 15 வெள்ளி வீதம் 300 வெள்ளிக்கு எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே 30 வெள்ளி வீதம் விற்றால் 600 வெள்ளி, இலாபம் 300. ஒரு மாதம் ஒதுக்கி வைத்தால் மூன்று மீன் சாகிறது. உப்பு, மின்சாரம், மருந்து, சோதனைக் குப்பி, ஆள் கூலி என்று 150 வெள்ளி ஆகிறது. மிச்சம் பதினேழு மீனுக்கு 450 வெள்ளி அடக்கம். அதே 300 வெள்ளி இலாபம் வேண்டுமானால் ஒரு மீனை 44 வெள்ளிக்கு மேல் விற்க வேண்டும். அடுத்த கடையில் 30 வெள்ளி. வாடிக்கைக்காரர் எங்கே போவார் என்று சொல்லவும் வேண்டுமோ?

ஆனால் இக்கணக்கை இன்னொரு தரம் பாருங்கள். செத்த அந்த மூன்று மீனும் எங்கே இருந்தாலும் செத்திருக்கும். நம் தொட்டியில் செத்தால் நம் பேரேட்டில் ஏறுகிறது. அன்றே விற்றிருந்தால் யாரோ மூன்று பேர் வீட்டில் செத்திருக்கும். அவர்கள் பேரேட்டில் ஏறியிருக்கும். அதோடும் நில்லாது. அவர் வீட்டுத் தொட்டியில் பத்து மீன் இருக்கலாம். ஐந்து வருஷம் வளர்த்தவை இருக்கலாம். 30 வெள்ளி மீன் இரண்டாயிரம் வெள்ளித் தொட்டியைக் கவிழ்த்துவிடும். ஆகவே ஒதுக்கி வைப்பதால் புதிதாக ஒரு செலவு பிறக்கிறது என்பது பாதிதான் சரி. முன்னமே இருந்த செலவு, அறியாதவர் தலையிலிருந்து அறிந்தவர் தலைக்கு மாறுகிறது. அடுத்த கடையின் 30 வெள்ளி மலிவு அன்று; மீதி 14 வெள்ளியை வீட்டுக்குப் போய்க் கட்ட வேண்டும்.

"வாங்குகிறவரும் தம் வீட்டில் ஒதுக்கி வைக்கட்டுமே" என்று சில வியாபாரிகள் சொல்வார்கள். வைக்கட்டும், நல்லது. நாமும் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறோம். அவர் பூட்டுப் போடுவார் என்பதற்காக நாம் கதவைத் திறந்து விட முடியுமா?

இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களும் துணி வியாபாரியே. குறையுள்ள துணி ஒன்றைக் குறை சொல்லி விற்கும்படி தம் கூட்டாளியிடம் கொடுத்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றும் அடையாளம் தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்தச் சரக்கின் பணத்தைத் தருமம் செய்துவிட்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. அந்தக் கூட்டாளிக்கும் 'தெரியாது, மறந்துவிட்டது' என்று சொல்ல இடம் இருந்தது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஆட்சேபம் வரும். தொற்று என்று ஒன்றில்லை என ஹதீஸில் வந்திருக்க, மீனை ஒதுக்கி வைப்பது தவக்குலுக்கு விரோதமாகாதா? இதைக் கேட்பவர் பாதி ஹதீஸைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். சொறி பிடித்த ஒட்டகம் நல்ல ஒட்டகங்களோடு சேர்ந்ததும் எல்லாம் சொறியாகின்றனவே என்று ஒரு கிராமவாசி கேட்டபோது, முதல் ஒட்டகத்துக்கு யார் தொற்றவைத்தார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டது மெய். நோய்க்குச் சுயமாக ஒரு சக்தியும் இல்லை, எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்பது அதன் கருத்து. ஆனால் வியாதியுள்ள கால்நடையை ஆரோக்கியமுள்ளவற்றிடம் ஓட்டிக்கொண்டு வரலாகாது என்றும் அதே அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் வழியாகவே வந்திருக்கிறது. ஒட்டகச் சொறியும் தோலில் வாழும் ஒட்டுண்ணியால் வருவதே என்பதை இன்று அறிந்திருக்கிறோம். ஆகவே நம் மீன் விஷயம் அந்த ஹதீஸுக்குத் தூரத்து உறவு அன்று, பக்கத்து வீடு.

ஹிஜ்ரி 18 (கி.பி. 639) அளவில் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது கலீபா உமர் (ரலி) அவர்கள் வழியிலிருந்தே படையோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டதற்கு, ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போவதாகப் பதில் சொன்னார்கள். செழித்த கரையும் வறண்ட கரையும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவரை உவமை காட்டினார்கள். நோயுள்ள ஊருக்குள் புகவும் வேண்டாம், அங்கிருப்பவர் ஓடி வரவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்பு (ரலி) அவர்கள் வந்து எடுத்துரைத்தார்கள். ஐரோப்பாவில் ரகூசா துறைமுகத்தார் கப்பலில் வருவோரை முப்பது நாள் ஒதுக்கி வைக்கச் சட்டம் செய்தது 1377இல். பிறகுதான் அது நாற்பது நாளாகிக் குவாரண்டைன் என்ற பெயர் வந்தது.

நம் பினாங்குவாசிகளுக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. பாயான் லெப்பாஸ் போகும் கடலோரச் சாலையில் இடப்புறம் தெரியும் ஜெரஜாக் தீவு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கப்பலில் வருவோரை நிறுத்தி வைத்துச் சோதித்த இடம். 1969 முதல் 1993 வரை அது சிறைச்சாலையாகவும் இருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் முன்னோர் எத்தனையோ பேர் அந்தத் தீவைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கரையைப் பார்த்தார்கள். ஹஜ்ஜுக்குப் போனவர்களுக்குச் செங்கடலில் கமரான் தீவு. 1882 முதல் 1952 வரை அங்கே ஒதுக்கிடம் இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களை நிறுத்தி வைக்க மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. அதே மண்டபத்தில் பின்னாளில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் அமைந்து, கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையத்தாரும் அவ்வாறே செய்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீன் கடலின் ஒட்டுண்ணியைச் சுமந்து வருவதில்லை. கடைத் தண்ணீரில் கலக்காமல் இருந்தால்.

ஜெரஜாக் நாட்களைப் பெரியவர்கள் கசப்போடு பேசியதற்கு ஒரு காரணம் உண்டு. மேல்வகுப்பில் வந்தவர்கள் பல சமயம் நேரே கரையிறங்குவார்கள். டெக்கில் வந்த ஏழைகள் தீவுக்குப் போவார்கள். நோய் டிக்கட்டைப் பார்த்தா ஏறுகிறது? கடைகளிலும் இந்தப் பழக்கம் இல்லாமல் இல்லை. மலிவான மீனை ஒதுக்கி வைப்பார்கள். முந்நூறு வெள்ளி நீல மீன் வந்த அன்றே விளக்கு வெளிச்சத்தில் முன்வரிசைக்குப் போய்விடும், ஏனென்றால் அதில் முடங்கிய பணம் அதிகம். அந்த ஜாதி மீனுக்குத்தான் வெண்புள்ளி சீக்கிரம் ஏறும்.

2020 மார்ச்சு 18இல் இந்நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாமெல்லாரும் அடைபட்டோம். பள்ளிவாசலில் ஸப்பும் பிரிந்தது. நோய் இருப்பவர் யார், இல்லாதவர் யார் என்று பார்வைக்குத் தெரியாது என்பதற்காகவே அவ்வளவும் செய்யப்பட்டது. அதை நாம் மனிதருக்கு ஒப்புக்கொண்டோம்.

நம் கடையில் நடக்கும் வழக்கத்தைச் சொல்கிறோம். இதைவிட நல்ல வழக்கம் வேறு யாரிடமாவது இருந்தால் கற்றுக்கொள்ளத் தயார். இரசீதில் மீன் வந்த தேதி, தனித் தொட்டியில் இருந்த நாள், போட்ட மருந்து ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுக்கிறோம். "நோய் இல்லை" என்று எழுதுவதில்லை. அது நமக்குத் தெரியாது. "இத்தனை நாள் பார்த்தோம், காணவில்லை" என்று எழுதுகிறோம். நாள் முடியாத மீனைக் கேட்பவருக்கு விற்பதில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு வைத்திருப்போம். இடையில் செத்தால் பணம் வாபஸ்.

இரண்டு விஷயம் நமக்கு இன்னும் தீரவில்லை. வீட்டுக்கு வாங்குபவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். நம்மிடம் பத்து மீனை மொத்தமாக எடுத்துப் போய்த் தம் கடையில் விற்கிற சிறு வியாபாரியிடமும் சொல்கிறோம். அவர் தம் வாடிக்கைக்காரரிடம் சொல்ல மாட்டார் என்று நன்றாகத் தெரிந்திருந்தால் அவருக்கு விற்கலாமா? இது ஒன்று. மற்றது நஷ்டஈடு. ஐபைக் கண்டு மீனைத் திருப்பினால் அதன் விலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது தெளிவு. அந்த மீனால் செத்த மற்ற மீன்களின் கிரயமும் விற்றவர் மேல் ஏறுமா? பார்த்தும் தெரியாதவருக்கு ஒரு சட்டமும், பாராமல் தெரியாதவருக்கு வேறொரு சட்டமும் உண்டா? ஆலிம்கள் இதற்குக் கிரந்த ஆதாரத்தோடு விடை எழுதினால், வரும் இதழில் வெளியிடும்படி ஆசிரியர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.